பதினேழாவது கேள்வி

மனுவ எழுதுங்க அண்ணாச்சி. பேரு பேச்சிமுத்து. வயசு நாப்பத்திநாலு. ஊரு சாத்தூர். தொழில், ஆம்புலன்ஸ்ல பின்னால உக்கார்ற ஆளு. டிரைவர்னு எழுதிப்புடாதீங்க. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறாங்க, ரேஷன் கார்டுல கூட அப்பிடித்தான் இருக்கு. டிரைவர் வேற, நான் வேற. டிரைவர் ரோட்டப் பாப்பான், நான் ஆளப் பாப்பேன். பதினோரு வருசமாப் பாக்குறேன். எனக்கு இடது கண்ணு சரியாத் தெரியாது, லைசென்ஸ் தரமாட்டாங்க. அதனால முன்னால போயி உக்காருன்னு யாரும் என்கிட்ட சொல்லமுடியாது. எனக்கு இருக்கறது அந்தப் பின்சீட்டு ஒண்ணுதான்.

இப்ப விசயத்துக்கு வாரேன். நூத்துக்கு எழுபத்தோரு மார்க். பாஸ் மார்க் அம்பது. எழுபத்தொண்ணு எடுத்த என்னைய ஃபெயில்னு போட்டுட்டாங்க. நீங்க படிச்சவங்க, எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் குடுத்திருப்பீங்க, இப்பிடி ஒரு அநியாயத்தக் கேட்டிருக்கீங்களா? என் பக்கத்துல உக்காந்திருந்த பய அம்பத்திரெண்டு. அவன் பாஸ். நான் ஃபெயில். இத முதல்ல எழுதுங்க. கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதுங்க, கலெக்டர் கண்ணுல படணும்.

எனக்கு என்ன தலையெழுத்துன்னு இந்தப் பரிச்சைக்குப் போனேன்னு கேக்குறீங்களா? ஓனரு ஜெயசிங் சொன்னாரு. போன ஆடி மாசம் கூப்பிட்டு, "முத்து, இனிமே சர்டிபிகேட் இல்லாத ஆள பின்னால ஏத்துனா பெரிய ஆஸ்பத்திரியில நம்ம வண்டிய சேத்துக்க மாட்டாங்களாம். ஆறு மாசப் படிப்பு இருக்கு, போயிட்டு வா. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்"னாரு. பதினோரு வருசம் அவரு வண்டியில ரத்தத்த கழுவிருக்கேன். வேற ஆளப் பாப்பாராம். சரின்னு சொல்லிட்டு வந்தேன், வேற என்ன சொல்ல.

அந்தப் படிப்புலயே மூணு தினுசு இருக்கு, உங்களுக்குத் தெரியுமோ என்னமோ. டிகிரி படிக்கணும்னா பிளஸ் டூல பயாலஜி எடுத்திருக்கணும், மூணு வருசம் படிச்சு அதுக்குமேல ஒரு வருசம் ஆஸ்பத்திரியில நிக்கணும். டிப்ளமான்னா ரெண்டு வருசம். எங்கள மாதிரி ஆளுகளுக்கு ஆறு மாசம், பத்தாவது பாஸ் போதும். நான் பத்தாவது ரெண்டாவது தடவையில பாஸ். இங்கிலீஷ்ல முப்பத்தஞ்சு. அந்த மார்க் ஷீட்ட என் வீட்டுக்காரி ஜோதி ட்ரங்குப் பெட்டிக்கு அடியில விரிச்சுப் போட்டிருந்தா, அத எடுத்துத் தொடச்சுக் கொண்டுபோனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ரெண்டாவது மாடியில வகுப்பு. இருபத்திரெண்டு பேரு. அம்புட்டும் மீசை முளைக்காத பயலுக, பொம்பளப் புள்ளைக. என்னைய அங்கிள்னு கூப்பிடுவாங்க. அங்கிள், பேனா இருக்கா. அங்கிள், நீங்க ஏன் இந்த வயசுல. இந்த வயசுலன்னா என்ன வயசு, நாப்பத்திநாலு ஒரு வயசா?

பாடம் எடுக்க ஒரு புள்ள. மெர்லின்னு பேரு, நாகர்கோவில் பக்கம். இருபத்தாறு வயசு இருக்கும். வாயத் திறந்தா 'பிடாது'. இப்பிடித் தூக்கப்பிடாது. அப்பிடி இழுக்கப்பிடாது. அவுக ஊருல கூடாதுன்றத அப்பிடித்தான் சொல்லுவாங்களாம். பயலுக 'பிடாது மேடம்'னே பேரு வச்சிட்டாங்க. நான் சிரிக்கல. வாத்தியார வாத்தியாரா மதிக்கிற ஆளு நான். வயசுல சின்னப்புள்ளைன்னாலும் எந்திரிச்சு நின்னு வணக்கம் சொல்லிருக்கேன். அதையும் எழுதுங்க. நான் படிக்க மாட்டேன்னு அடம் பிடிச்ச ஆளு இல்லன்னு தெரியணும்.

கேளுங்க, எம்புட்டு விட்டுக்கொடுத்தேன்னு. முன்னாடியெல்லாம் கார்ல மாட்டுனவன அக்குள்ல கையக் கொடுத்து இழுப்போம். இழுக்கப்பிடாது, கழுத்தெலும்பு போயிரும், பலகையில வச்சுத்தான் எடுக்கணும்னு சொல்லிச்சு. சரின்னேன். வலிப்பு வந்தவன் கையில சாவிக்கொத்தத் திணிப்போம், நீங்களும் பாத்திருப்பீங்க, இரும்பு பட்டா நிக்கும்னு நம்ம சனம் பூரா செய்யும். நான் அதுக்குன்னே இடுப்புல ஒரு கொத்து வச்சிருந்தேன், எந்தப் பூட்டுக்கும் ஆகாத சாவிக. அந்தப் புள்ள சொன்ன அன்னைக்கே கழட்டி ஜன்னல் வழியா எறிஞ்சேன். சண்டை போட்டனா? போடல. எனக்குத் தெரியாதது தெரியாதுதான். நெஞ்ச அமுக்குறதுக்கு ஒரு பொம்மை வச்சிருக்காங்க, சரியான ஆழத்துக்கு அமுக்குனா டிக்குனு சத்தம் வரும். முப்பதுக்கு முப்பதும் டிக் டிக்குனு விழுகும் எனக்கு. பயலுக பத்து அமுக்குறதுக்குள்ள மூச்சு வாங்குவானுக. "அண்ணனோட கையப் பாருங்க"ன்னு அந்தப் புள்ளயே எல்லாத்துக்கும் காட்டிச்சு. காட்டாம என்ன செய்யும்? வேற யாருக்கு அந்தக் கை இருக்கு?

அப்பறம் எங்க வந்துச்சு வில்லங்கம்னு கேக்குறீங்க. சொல்றேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும், அது இல்லாம உங்களுக்கு என்னைய விளங்காது.

ஆறு வருசத்துக்கு முன்னாடி, இதே பங்குனி. வெயிலு கொளுத்துது. நாலுவழி ரோட்டுல ஒரு பைக்கு லாரிக்குப் பின்னால சொருகிருச்சு. பையன் பேரு முனீஸ்வரன், இருபத்திமூணு வயசு, சிவகாசியில அச்சாபீஸ்ல வேலை. தலையில அடி. தூக்கிப் போட்டுக்கிட்டுப் பறக்குறோம். பின்னால நானும் அவனும் மட்டும். கண்ணு சொருகுது, ஆனா உசுரு இருக்கு, மூச்சு ஓடுது. விருதுநகருக்குப் பாதி தூரம் வரும்போது உதடு அசைஞ்சுச்சு. அண்ணாச்சி, நான் சத்தியமாச் சொல்றேன், அசைஞ்சுச்சு. அந்த நேரத்துல மனுசன் உதடு அசைஞ்சா எதுக்கு? தண்ணிக்குத்தான. பாட்டில் மூடியில ஊத்தி, தலைய லேசாத் தூக்கி வாயில விட்டேன். மூணு மூடி. இருமுனான். தொண்டையில களக் களக்னு ஒரு சத்தம் வந்துச்சு. அப்பறம் அடங்கிட்டான். நல்லா அமைதியா அடங்கிட்டான். ஆஸ்பத்திரியில இறக்குறப்ப உசுரு இல்ல. டாக்டர் தலைக்காயம்னு எழுதுனாரு. கேட்டுக்கிடுங்க, தலைக்காயம். பேப்பர்ல அதுதான் இருக்கு.

அவுக அம்மா பஞ்சவர்ணம், ஏழாயிரம்பண்ணை, தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குற பொம்பள. புருசன் இல்ல, ஒத்தப் புள்ள. வந்து விழுந்து அழுதுட்டு என்னையப் பாத்து, "என் புள்ள கடைசியா என்னய்யா சொன்னான்?"னு கேட்டுச்சு. நான் சொன்னேன், "தண்ணி கேட்டான்மா. குடுத்தேன். குடிச்சுட்டுத்தான் போனான்." அண்ணாச்சி, அந்தம்மா என் ரெண்டு கையையும் எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிச்சு. ரத்தக் கை, நான் கழுவக்கூட இல்ல. "என் புள்ள வாயி காஞ்சு போகலய்யா, நீ எனக்குச் சாமிய்யா"ன்னுச்சு. பதினோரு வருசத்துல வேற யாரும் என்னையச் சாமின்னதில்ல. வண்டி லேட்டுன்னு அடிக்க வந்தவன்தான் ஜாஸ்தி.

அதுலயிருந்து வருசாவருசம் அந்தத் தேதிக்குப் படையல் போடுறப்ப என்னையக் கூப்பிட்டு முத இலையில உக்கார வைக்கும். சொந்தக்காரங்க எல்லாம் நிப்பாங்க, நான் சாப்பிட்டாத்தான் மத்தவங்களுக்கு இலை. அவன் அளவுக்கு ஒரு சட்டை எடுத்து வச்சிருக்கும், முப்பத்தெட்டு சைஸு. எனக்குத் தோள்பட்டைக்கே பத்தாது. ஆனா வாங்கிக்கிருவேன். ஜோதி மடிச்சு வச்சிருக்கா. வேற யாருக்கும் குடுக்க விடமாட்டா.

அந்த நாளுக்கப்பறம் நான் தண்ணி இல்லாம வண்டி ஏறுனதே இல்ல. சாப்பாடு இல்லாமப் போயிருக்கேன். எவன் வண்டியில ஏறுனாலும், கண்ணு முழிச்சிருந்தாலும் முழிக்காட்டியும், ரெண்டு மூடியாவது விடாம இருந்ததில்ல. அது எனக்கு ஒரு விரதம் மாதிரி ஆயிப்போச்சு.

இப்ப அந்தப் புள்ள மெர்லினுக்கு வாங்க. மூணாவது மாசம் ஒருநாள் போர்டுல தொண்டைய வரையுது. ரெண்டு குழாய். ஒண்ணு வயித்துக்கு, ஒண்ணு நுரையீரலுக்கு. நடுவுல ஒரு மூடி. நாம முழுங்குறப்ப நுரையீரல் குழாய அந்த மூடி அடைச்சுக்கிருமாம். நினைவு தப்புனவனுக்கு அந்த மூடி சரியா வேலை செய்யாதாம். தண்ணி விட்டா நேரா நுரையீரலுக்குத்தான் போகுமாம். "அதனால முழு நினைவு இல்லாத ஆளுக்கு வாய்வழியா எதுவும் கொடுக்கப்பிடாது. ஒரு சொட்டு கூட" அப்பிடின்னுச்சு. பயலுக குனிஞ்சு எழுதுறானுக. என்னமோ வீட்டுக்கணக்கு மாதிரி எழுதுறானுக.

நான் கையத் தூக்குனேன். "கேட்டா?"ன்னேன்.

"கேட்டாலும் கொடுக்கப்பிடாதுண்ணே. ஈரத்துணியால உதட்ட நனைக்கலாம்."

"உதடு அசைஞ்சா?"

"உதடு அசையறது கேக்குறது ஆகாதுண்ணே. மூளையில அடிபட்டா தானா அசையும்."

"சரி, இருமுனா?"

"இருமுனா உள்ள போயிட்டுன்னு அர்த்தம். உடனே ஒருச்சாய்ச்சுப் படுக்க வச்சு, வாயில நிக்கிறத மிசின வச்சு உறிஞ்சி எடுக்கணும்."

"களக் களக்னு சத்தம் வந்தா?"

அந்தப் புள்ள சாக்பீஸ கீழ வச்சுட்டு என்னையப் பாத்துச்சு. நான் டீ குடிக்கணும்னு சொல்லி எந்திரிச்சுப் போயிட்டேன். அன்னைக்கு திரும்பல. மறுநாள் போனேன். போகாம இருக்கமுடியுமா, ஓனருக்குச் சர்டிபிகேட் வேணுமே.

நான் கேக்குறேன் அண்ணாச்சி, இதச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் என்ன? எலும்பச் சொல்லு, நாடியச் சொல்லு, பிரசவம் சொல்லு, எல்லாம் நல்லா இருக்கு. நம்ம ஊருல சாகக் கிடக்கறவனுக்கு வாயில தண்ணி விடுறது இன்னைக்கு நேத்து வந்ததா? பெத்தவுகளுக்கு விடல நாம? எங்கப்பாவுக்கு நான் விட்டேன். அப்ப அம்புட்டுப் பேரும் தப்பா? இருபத்தாறு வயசுப் புள்ள ஒரு சாக்பீஸ வச்சு ரெண்டு கோடு போட்டு அம்புட்டையும் தப்புன்னு சொல்லிருமா?

பரிச்சைக்கு வாரேன். பதினேழாவது கேள்வி. நம்பருக்குப் பக்கத்துல நட்சத்திரம் போட்டிருக்கும். நட்சத்திரக் கேள்வி மொத்தம் அஞ்சு, அதுல ஒண்ணு தப்பாப் போனாலும் ஃபெயில், மத்த மார்க் எம்புட்டு இருந்தாலும் சரி. ஆளக் கொன்னுபுடுற தப்பாம் அதெல்லாம். அதுனால அப்பிடி ஒரு ரூலாம். கேள்வி இதுதான்: 'முழு நினைவு இல்லாதவருக்குத் தண்ணீர் கொடுக்கலாமா? அ, கொடுக்கலாம். ஆ, கொடுக்கக்கூடாது.' நான் 'அ'ல டிக் போட்டேன்.

தெரியாமப் போடல. பக்கத்துல இருந்த பய, அதான் அம்பத்திரெண்டு மார்க்கு, முழங்கையால இடிச்சு "அங்கிள், ஆ, ஆ"ங்குறான். உனக்கு முன்னாடி எனக்குத் தெரியும்டா. முந்தின ராத்திரி அதே பயலுக்கு அந்தப் பாடத்த போன்ல சொல்லிக் குடுத்ததே நான்தான். ரெண்டு குழாய், நடுவுல மூடி, எல்லாம் எனக்குத் தலைகீழாத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்.

நட்சத்திரக் கேள்வி தப்பான ஆளுகள வாய்மொழியா ஒருதடவ கேப்பாங்க. அதுல சரியாச் சொல்லிட்டா பாஸ். என்னையக் கூப்பிட்டாங்க. மதுரையிலருந்து வந்த பரிச்சைக்காரர் ஒருத்தர், இந்தப் புள்ள, நான். "வாயால சொல்லுங்கண்ணே போதும்"னு சொல்லிச்சு. "கொடுக்கலாம்"னேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே." "கொடுக்கலாம்." மூணாவது தடவையும் கேட்டுச்சு. மூணாவது தடவையும் அதத்தான் சொன்னேன். அந்த ஆளு கடியாரத்தப் பாத்து, "அடுத்த ஆளக் கூப்பிடும்மா"ன்னாரு.

அப்பத்தான் அந்தப் புள்ள அதக் கேட்டுச்சு. குரலத் தணிச்சுக்கிட்டு, "யாருக்குண்ணே கொடுத்தீங்க?"

அண்ணாச்சி, இது சிலபஸ்ல இருக்கா? நீங்களே சொல்லுங்க. புஸ்தகத்த பூரா புரட்டிட்டேன், அந்தக் கேள்வி எங்கயும் இல்ல. ஒரு பரிச்சையில ஒரு மனுசனப் பாத்து அப்பிடிக் கேக்கலாமா? இதத் தனியா எழுதுங்க, ரெண்டாவது பாயிண்டா. எனக்கு வந்த கோவத்துல மேசைய எத்திட்டேன். அது மேல இருந்த அந்த நெஞ்சமுக்குற பொம்மை கீழ விழுந்து கழுத்துகிட்ட உடைஞ்சுபோச்சு. அதுக்கு வேற ஒரு நோட்டீஸ் அனுப்பிருக்காங்க, இந்தாங்க, இதையும் சேத்துப் பின் பண்ணுங்க. பொம்மைக்குக் கழுத்து உடைஞ்சதுக்கு நோட்டீஸ் வருது.

இறங்கி வாரேன், பின்னாலயே அந்தப் புள்ள படியில ஓடி வந்துச்சு. கண்ணெல்லாம் கலங்கிப்போயி. எனக்குப் பரிதாபம் காட்டுதாம். "அண்ணே, தெரியாம செஞ்சது வேற, தெரிஞ்சு செய்யுறது வேற. அடுத்த மாசம் திரும்ப எழுதலாம். உங்க கை மாதிரி ஒரு கை இந்த பேட்ச்ல இல்ல. ஆ-ன்னு ஒரு எழுத்துண்ணே, ஒரே ஒரு எழுத்து"ன்னுச்சு. நான் பாட்டுக்கு இறங்கி வந்துட்டேன். ஒரு எழுத்தாம். அந்தப் புள்ளைக்கு அது ஒரு எழுத்து.

என்ன பாக்குறீங்க? நீங்களும் அதையேதான் கேக்கப் போறீங்க. ஜோதியும் அதையேதான் கேக்குறா. ஆ-ன்னு போட்டுட்டு வந்து வேலையப் பாக்க வேண்டியதுதானன்னு மூணு நாளா அழுகுறா. போட்டுறலாம் அண்ணாச்சி. கை போடும். போட்டுட்டு வார வெள்ளிக்கிழமை எங்க போவேன்? வெள்ளிக்கிழமை அந்தத் தேதி. பஞ்சவர்ணம்மா நேத்தே போன் பண்ணிருச்சு, "சாமி, வந்துரு, உனக்குப் பிடிக்கும்னு மொச்சைக்குழம்பு வைக்கப்போறேன்"னு. அந்த முத இலையில உக்காந்து, பிசைஞ்சு வாயில வைக்கணும்ல? அந்தம்மா எதிர்ல உக்காந்து நான் சாப்பிடறதப் பாத்துக்கிட்டே இருக்கும். போன வருசம் கேட்டுச்சு, "எத்தன வாய் குடிச்சான்யா?"ன்னு. மூணுன்னேன். "மூணு வாய் குடிச்சிருக்கான்"னு சுத்தி நின்னவங்ககிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சுச்சு. அப்பிடிச் சிரிச்சு அவுக யாரும் பாத்ததில்லையாம்.

தலைக்காயம்தான் அண்ணாச்சி. டாக்டரே எழுதியிருக்காரு. அவன் எப்பிடியும் பொழச்சிருக்க மாட்டான். அவன் மட்டும்தான்னா கூடப் பரவால்ல. அவனுக்கப்பறம் ஏறுனவங்க இருக்காங்கல்ல. எம்புட்டுப் பேருக்கு விட்டிருப்பேன், ஆறு வருசமா, விரதம் மாதிரி. அதுல எத்தன பேரு இருமுனாங்கன்னு நான் ஞாபகம் வச்சுக்கல. இப்ப ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வருது. வேணாம்னாலும் வருது. அந்தப் புள்ள படம் போட்டதுலயிருந்து வருது. அதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்தேன், நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்குனேன்.

என்னது? கலெக்டரு மார்க்கத் திருத்த மாட்டாரா? அது எனக்கும் தெரியும். சரி, மார்க் வேண்டாம். அடிச்சிருங்க. எழுபத்தொண்ணு, ஃபெயில், எல்லாத்தையும் அடிச்சிருங்க. சர்டிபிகேட்டும் வேண்டாம். ஜெயசிங் வேற ஆளப் பாத்துக்கிறட்டும், நான் ஓட்டல்ல இலை எடுத்துப் பொழச்சுக்கிறேன். அந்தப் புள்ள மேலயும் ஒண்ணும் எழுதவேண்டாம், அது அதுக்குத் தெரிஞ்சதச் சொல்லிச்சு.

ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதுங்க. அந்த மாதிரி நேரத்துல தண்ணி கொடுத்தது தப்பில்லன்னு கலெக்டரு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சுக் குடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. ஒரே ஒரு வரிதான் அண்ணாச்சி. ஏன் பேனாவ மூடுறீங்க?